மகரந்தச் சேர்க்கை: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முந்திரிக் கொல்லை வைத்திருப்பவர்கள், பந்தல் போட்டவர்கள், மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்கள் என எல்லோரும் கேட்பவை இவை. பதில்களில் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும்: உங்கள் பயிரின் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, அந்த நேரத்தில் அதைத் தேடி வருவது யார்? இது தெரிந்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

தேனீ இல்லாவிட்டால் சாப்பாடே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

அப்படிப் பயமுறுத்தத் தேவையில்லை. நெல் பூத்த சில நிமிடங்களில் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. மக்காச்சோளத்துக்கும் கம்புக்கும் காற்று போதும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு கரணையில் வளர்வது. வாழை கருவுறாமலே காய்க்கும். நிலக்கடலையும் உளுந்தும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைக்காரர்கள். ஆக, சோறும் இட்லியும் எங்கும் போகாது.

குறைவது மற்றவை. பரங்கி, சுரை, புடலை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றில் பூச்சி வராவிட்டால் காய் அநேகமாகப் பூஜ்யம். முந்திரி, மா, பலா, முருங்கை, கொய்யா, தென்னை, சூரியகாந்தி ஆகியவற்றில் விளைச்சல் இறங்கும். எவ்வளவு என்பது பயிருக்குப் பயிர் மாறும். உயிர்ப்பன்மை, சூழல் சேவைகள் குறித்த பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் உணவுப் பயிர் வகைகளில் சுமார் 75 சதவீதம் ஏதோ ஓர் அளவுக்காவது பூச்சி, பறவை போன்ற விலங்கினங்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. ஆனால் எடைக்கணக்கில் பார்த்தால் அந்தப் பயிர்கள் தருவது மொத்த உற்பத்தியில் 35 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வதந்தி பிறக்கிறது. வயிறு நிரப்புவது காற்றுப் பயிர். வைட்டமின் ஏ, சி போன்றவற்றில் பெரும்பகுதியைத் தருவது பூச்சிப் பயிர்.

இன்னொன்று பலருக்கும் தோன்றுவதில்லை. முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம் இவற்றை நாம் காயாகச் சாப்பிடும்போது பூவே தேவையில்லை. அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமென்றால் அந்த விதை வயலில் தேனீயும் ஈயும் வந்தாக வேண்டும்.

பாகற்கொடி நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. ஏன்?

முதலில் பூவைத் திருப்பிப் பாருங்கள். பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண்பூ. வெறும் மெல்லிய காம்பு என்றால் ஆண்பூ. கொடி பூக்கத் தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நாள் பெரும்பாலும் ஆண்பூதான் வரும், அவை உதிர்வது இயல்பு. அதற்குப் பதறி மருந்து வாங்கப் போகாதீர்கள்.

பெண்பூவின் பிஞ்சு விழுந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பிஞ்சு வளராமல் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கினால் சேர்க்கை நடக்கவில்லை. பிஞ்சில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதில் பிசின் துளியும் இருந்தால் பழ ஈ. வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு இருக்கும். இலை கரும்பச்சையாகத் தழைத்து, பெண்பூவே அரிதாக இருந்தால் யூரியா அதிகம். இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வைத்தியம் என்பதால் பார்க்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

காய் வருகிறது, ஆனால் ஒரு பக்கம் வளைந்து, ஒரு முனை மட்டும் பருத்திருக்கிறது என்றால் அதுவும் சேர்க்கைக் குறைதான். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் தூள் தேவை. பரங்கியில் நூற்றுக்கணக்கான விதைகள். அத்தனைக்கும் தூள் வந்து சேர வேண்டும். விதை பிடித்த பக்கம் பருக்கும், பிடிக்காத பக்கம் சூம்பும். வண்டு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதாது, பல தடவை வர வேண்டும்.

கையால் சேர்க்கை செய்வது எப்படி?

நேரம்தான் முதல் விதி. பாகல், பரங்கி, சாம்பல் பூசணி, வெள்ளரி எல்லாம் காலைப் பூக்கள்: 6 முதல் 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். பரங்கிப் பூ வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில் விரிபவை: பொழுது சாயும் நேரத்தில் தொடங்கி, டார்ச் வெளிச்சத்தில்கூடச் செய்யலாம். புடலைப் பூவின் வெள்ளை இழைகள் முழுக்கப் பிரிந்து நூல்போல் தொங்கினால் பூ தயார். மாலைப் பூவுக்கு மறுநாள் காலை 9 மணிக்குப் போய் நின்றுகொண்டு "செய்து பார்த்தேன், பலன் இல்லை" என்பவர்கள் நிறைய.

அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு பறியுங்கள். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூ. இதழ்களைக் கிழித்தெடுத்தால் நடுவில் மகரந்தப்பை மட்டும் நிற்கும். பெண்பூவின் நடுவில் பிளவுபட்டு ஈரப்பசையோடு இருப்பது சூல்முடி. பாகலிலும் பரங்கியிலும் அது மூன்று மடலாக இருக்கும். மூன்றின் மேலும் மெதுவாகத் தடவுங்கள், ஒன்றை விட்டால் காய் கோணும். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். முடிந்தால் வேறு கொடியின் ஆண்பூவை எடுங்கள்.

அன்று அந்தப் பூமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈரம் பட்டால் மகரந்தத் தூள் ஊதி வெடித்துவிடும். பூவாளியால் தலைக்கு மேல் தண்ணீர் விடும் மாடித்தோட்டக்காரர்கள் அறியாமல் செய்யும் தவறு இது, வேரடியில் விடுங்கள். பிடித்ததா என்று நான்கைந்து நாளில் தெரியும்: காம்பு தடித்துப் பிஞ்சு கீழ்நோக்கித் தொங்கும்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் தேனீ தேவையா?

இரண்டிலும் ஒரே பூவில் ஆண் பெண் உறுப்புகள் இருப்பதால் தானே காய்க்கும். ஆனால் கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. உப்புச் சாடியைக் குலுக்குவதுபோல் அதைக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு எனப்படும் பெரிய கறுப்புத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட மண்தேனீயும் பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு 'உர்ர்ர்' என்று அதிரும். காலை வேளையில் கத்தரி வயலில் காது கொடுத்தால், சாதாரணப் பறக்கும் சத்தத்தை விடக் கூரான அந்த ஒலி தனியாகக் கேட்கும். ஆவாரம் பூவுக்கும் இதே வேலைதான்.

பூச்சி வராத மாடியில் காலை 8 முதல் 10 மணிக்குள் பூங்கொத்தைத் தாங்கும் கிளையை விரலால் சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் வைத்தால் இன்னும் நன்று.

அப்படியும் காய் பிடிக்காத கத்தரிப் பூக்கள் உண்டு. பூவைப் பக்கவாட்டில் பாருங்கள்: மஞ்சள் கூம்பைத் தாண்டிப் பச்சை நிறச் சூல்முடி வெளியே நீட்டியிருந்தால் காய்க்கும்; கூம்புக்குள் புதைந்திருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் உதிரும். வெயிலும் சத்துக்குறைவும் கூடினால் குட்டைச் சூல் பூக்கள் பெருகும். அக்னி நட்சத்திரக் காலத்தில் தக்காளி பூவுதிர்ப்பதும் வெப்பத்தால்தான், பூச்சிமேல் பழி போட வேண்டாம்.

பலாவில் சின்னப் பிஞ்சுகள் கறுத்துப் பூசணம் பிடித்து விழுகின்றன. நோயா?

பண்ருட்டிப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகம் வரும் கேள்வி. விழுவதில் பெரும்பாலானவை பிஞ்சே அல்ல, ஆண்பூக் கதிர்கள். பலாவில் ஆண் கதிரும் பெண் கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். ஆண் கதிருக்குக் காம்பு மெலிசு, மேல்பரப்பு வழவழப்பு, பெரும்பாலும் இளங்கிளைகளில் இருக்கும். விரிந்த நாளில் மேலெல்லாம் மஞ்சள் தூள் பூத்து, லேசான தேன் வாசம் அடிக்கும். பெண் கதிர் தடித்த காம்போடு அடிமரத்திலும் பெருங்கிளையிலும் வரும். காம்பு சேருமிடத்தில் ஒரு வளையம் தெரியும், மேல்பரப்பில் சூல்முடிகள் மயிர்போல் நீட்டியிருக்கும்.

வேலை முடிந்த ஆண் கதிர் கறுத்துப் பூசணம் பூத்து விழுவது நோயல்ல. சொல்லப்போனால் சேர்க்கையில் அதற்கும் பங்குண்டு. 2018-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் வளரும் பலா மரங்களில் நடந்த ஆய்வு, கொசுவை விடச் சிறிய ஒரு வகை ஈ ஆண் கதிருக்கும் பெண் கதிருக்கும் போய்வந்து மகரந்தம் கடத்துவதைக் காட்டியது. அந்த ஈக்கள் முட்டையிட்டுப் பெருகுவது மக்கும் ஆண் கதிர்களில். ஆகவே ஆண் கதிர் எல்லாவற்றையும் பொறுக்கிக் கொளுத்தி மரத்தடியைத் துடைத்து வைப்பது அவ்வளவு நல்ல பழக்கமில்லை.

அதே பூசணம் தடித்த காம்புள்ள பெண் பிஞ்சில் நீர் கோத்த பழுப்புப் புள்ளியாகத் தொடங்கிப் பரவினால் அது அழுகல் நோய். அவற்றை மட்டும் அகற்றி அழியுங்கள், நெருக்கமான உள்கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

பழத்தை அறுக்கும்போதும் கணக்குத் தெரியும். ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ. சுளைகளுக்கிடையே நாராகக் கிடக்கும் சடை எல்லாம் கருவுறாத பூக்கள். ஒரு பக்கம் குழிவிழுந்து கோணிய பழத்தை அந்த இடத்தில் அறுத்தால் வெறும் சடைதான் இருக்கும். வியாபாரி தட்டிப் பார்த்து விலை குறைப்பது அதனால்தான்.

முந்திரி பூத்திருக்கிறது, தேயிலைக் கொசு தாக்குகிறது. மருந்து அடிக்கலாமா?

முந்திரிப் பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் பெரும்பாலானவை ஆண்பூ. காய்ப்பது இருபால் பூக்கள் மட்டும். அவை முற்பகலில் விரியும். மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது என்பதால் காற்றை நம்ப முடியாது, தேனீயும் ஈயும் எறும்பும்தான் சுமக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் பவர் ஸ்பிரேயரும் கொல்லையில் ஓடுகிறது. காலை 7 மணிக்குக் கூலியாள் வந்து 11 மணிக்குள் முடித்துவிட்டுப் போகும் வழக்கம் முந்திரிக்கு மிகப் பொல்லாதது என்பது எங்கள் கருத்து.

தேயிலைக் கொசு என்பது கொசுவல்ல, துளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும் பூச்சி. அதை அடக்க வேண்டிய கட்டம் துளிர் விடும்போதும் பூங்கொத்து தலைகாட்டும்போதும். அந்த இரண்டையும் தவறவிடாமல் கவனித்தால் பூ விரிந்தபின் அடிக்க வேண்டிய தேவை பெரிதும் குறையும். துளிரில் கறுத்த நீளக் கீறலும் பிசினும் தெரிகிறதா என்று கொல்லையின் நான்கு மூலையிலும் நடுவிலும் மரங்களைப் பாருங்கள். பூத்தபின் அடித்தே ஆக வேண்டுமானால் தேனீ அடங்கியபிறகு, மாலை 5.30 மணிக்கு மேல், தாக்குதல் உள்ள மரங்களுக்கு மட்டும். பலரும் பயன்படுத்தும் லாம்ப்டா சைஹாலோத்ரின் தேனீக்குக் கொடிய நஞ்சு.

மாலையில் அடித்தால் எந்த மருந்தும் பாதுகாப்பானதா?

இல்லை. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலப்பவை. எந்த மணிக்கு அடித்தாலும் மறுநாள் தேனீ குடிக்கும். தண்ணீரில் கரைத்து அடிக்கும் நனையும் தூள் வகைகள் காய்ந்தபின் மகரந்தத்தோடு சேர்ந்து தேனீயின் மயிரில் ஒட்டிக் கூட்டுக்குள்ளேயே போகும்.

அதோடு, 'மாலையில் அடி' என்ற அறிவுரை சுரை, பீர்க்கு, புடலைப் பந்தலுக்குத் தலைகீழ். அந்தப் பூக்கள் விரிவதும் அந்துப்பூச்சிகள் வருவதும் அப்போதுதான். அங்கே பூ வாடிய பிறகு, முற்பகலில் அடிப்பதே சரி.

பக்கத்தில் தேனீப் பெட்டி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெட்டிக்காரர் இரவில் வாசலை வலையால் அடைத்து, ஈரச் சாக்குப் போட்டு, மறுநாள் நிழலில் வைத்துக்கொள்வார். ஒரு நாளுக்கு மேல் அடைக்க முடியாது, வெக்கையில் கூட்டமே செத்துவிடும்.

தோப்பில் தேனீப் பெட்டி வைக்க வேண்டுமா? எத்தனை?

சுற்றிலும் புதரும் பழைய மரங்களும் உள்ள தோப்பில் காட்டுத் தேனீக்களே போதுமானதாக இருக்கலாம். காலை 9 மணிக்குப் பூத்த கிளை ஒன்றின்முன் பத்து நிமிடம் நில்லுங்கள். வருவோர் போவோர் நிறைய என்றால் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். வெறிச்சோடிக் கிடந்தால் ஏக்கருக்கு இரண்டு பெட்டி நல்ல தொடக்கம்.

நம் பகுதிக்கு அடுக்குத் தேனீயும் (பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் நாட்டுத் தேனீ) அதற்கான நியூட்டன் வகை மரப்பெட்டியும் ஏற்றவை. பூ 5 முதல் 10 சதவீதம் விரிந்தபிறகு பெட்டியைக் கொண்டுவாருங்கள். முன்கூட்டியே வைத்தால் அவை பக்கத்துத் தோட்டத்துப் பூவைப் பழகிக்கொண்டு அங்கேயே போகும். இரவில் இடம் மாற்றுங்கள். மதிய வெயில் படாத நிழல், கிழக்கு பார்த்த வாசல், தாங்கியின் நான்கு காலுக்கும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம், அருகே கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போக முடியாது. அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து மாலையில் உள்ளே வையுங்கள். பட்டினி கிடக்கும் கூட்டத்தில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடையை நூலாம்படையாக்கிவிடும். புயல் எச்சரிக்கை என்றால் பெட்டியைத் தாங்கியோடு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

தேனீக் கூட்டம் வாங்கும்போது அடையில் இறந்த புழுக்கள் உண்டா என்று பாருங்கள். புழு தண்ணீர்ப் பைபோல் ஊதி அறையில் தலைதூக்கிக் கிடந்தால் சாக்புரூட் நோய், அந்தக் கூட்டம் வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்திய அடுக்குத் தேனீ வளர்ப்பை ஏறக்குறைய முடக்கிப்போட்டது இந்த நோய்தான்.

புதுச்சேரியில் மாடி வீடு. பெட்டி வைக்க முடியுமா?

கொசுத்தேனீ வையுங்கள். கொட்டாது, மண்பானையிலோ சிறு மரப்பெட்டியிலோ குடியிருக்கும், சில நூறு மீட்டருக்குள்ளேயே மேயும். தேன் அதிகம் கிடைக்காது. பழைய வீட்டுச் சுவரில் மெழுகுக் குழாய் நீட்டிய சிறு துளை இருந்தால் அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள்.

சூரியகாந்தியில் பதர் அதிகம்?

நடுவட்டத்தில் பதர் என்றால் பெரும்பாலும் நீரும் சத்தும் போதவில்லை. தட்டு முழுக்கச் சிதறிய பதர் என்றால் சேர்க்கைக் குறை. பூக்கும் காலத்தில் காலை 8 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முறை, மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பூத்தட்டை ஒவ்வொன்றாக மெதுவாகத் துடைத்துச் செல்லுங்கள். அழுத்தித் தேய்த்தால் சூல்முடி கசங்கும்.

ஆண் பப்பாளி, ஆண் பனை வெட்டிவிடலாமா?

ஆண், பெண் தனித்தனியாக வரும் பப்பாளி ரகத்தில் 15 முதல் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் வையுங்கள், மீதியை வெட்டலாம். பனையை வெட்டாதீர்கள்: பதநீர் ஆண் பனையிலும் இறங்கும், ஆண் பனை இல்லாவிட்டால் நுங்கும் இல்லை.

காட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அங்கே யார் விளைச்சல் கேட்கிறார்கள்?

பறவையும் குரங்கும் கேட்கின்றன. பூக்கும் காட்டுத் தாவரங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் விலங்கினங்களை நம்பி விதை கட்டுபவை. பிச்சாவரத்தில் வெண்கண்டல் பூவைத் தேனீ நாடுகிறது; சுரபுன்னை பெரும்பாலும் காற்றுக்கு விட்டுவிடுகிறது. இலுப்பையையும் இலவ மரத்தையும் இரவில் பழந்தின்னி வௌவால் கவனித்துக்கொள்கிறது. கல்யாண முருங்கையின் சிவப்புப் பூவில் மைனாவும் காக்கையும் தலைவிட்டு நெற்றியில் மகரந்தம் பூசிக்கொள்கின்றன.

எல்லாவற்றிலும் விசித்திரம் ஆலும் அரசும் அத்தியும். இவற்றின் பூ பழத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய குளவி உண்டு, எறும்பை விடச் சிறியது. பெண் குளவி பழத்தின் நுனித் துளையில் நெருக்கிப் புகும்போது சிறகு ஒடிந்துவிடும். உள்ளே மகரந்தம் தூவி, முட்டையிட்டு, அங்கேயே சாகும். அதன் பெண் குஞ்சுகள் புது மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த மரம் தேடும். ஆரோவில் ஆலமரத்தில் பழம் பழுத்துக் குயிலும் பச்சைப்புறாவும் கூடுவது இந்தக் குளவி வந்துபோனதால். அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி என்று முகம் சுளிக்கிறோம். அந்தப் பூச்சி வராத நாட்டத்தி காம்பிலிருந்து காயாகவே உதிரும்.

வரப்பில் என்ன வைத்தால் தேனீ வரும்?

ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். வேம்பு, புங்கன், நாவல், புளி, இலந்தை, முருங்கை, தும்பை, துளசி, ஆவாரை ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். வேலியில் படரவிடும் கொடிரோஜாவில் எப்போதும் கூட்டம் இருக்கும். கடலோரச் சவுக்குத் தோப்பு காற்றைத் தடுக்கும், ஆனால் அது காற்றுச் சேர்க்கை மரம், தேனீக்கு அங்கே தீனி இல்லை. பயிர்ப் பூ முடிந்ததும் வரப்புக் களை முழுவதையும் களைக்கொல்லியால் கருக்கிவிட்டால் தேனீக்கள் பட்டினி.

குடியிருக்க இடமும் வேண்டும். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வளை தோண்டுபவை. உழாத மேட்டு மண் ஓரத்தில் கொஞ்சம் விடுங்கள். கருவண்டுக்குக் காய்ந்த கட்டையோ பழைய மூங்கிலோ போதும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் இந்தப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது, பொந்துள்ள கிழ மரங்களும் போயின. புதிதாக நட்ட தோப்பில் பொந்து வரப் பல ஆண்டு ஆகும். அதுவரை ஒரு பக்கம் துளையிட்ட பழைய பானையைக் கிளையில் கட்டினால் அடுக்குத் தேனீ வந்து குடியேறக்கூடும்.

அடுக்குமாடியில் மலைத்தேனீ பெரிய அடை கட்டியிருக்கிறது. எரிக்கலாமா?

கூடாது. மலைத்தேனீ நிரந்தரக் குடி அல்ல. பருவம் மாறினால் தானே கிளம்பிவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். இரவில் அதன் அருகே விளக்கு எரிய வேண்டாம், வெளிச்சத்துக்குப் பாய்ந்து வீட்டுக்குள் வரும். பட்டாசும் கல்லும் கூடவே கூடாது. பள்ளி, படிக்கட்டு போன்ற இடமென்றால் தீயணைப்புத் துறைக்கோ பழகிய தேனெடுப்பவருக்கோ சொல்லுங்கள்.

கலைந்து கொட்டத் தொடங்கினால் கையை வீசாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதித்தால் தலைக்கு மேலே காத்திருக்கும். கொடுக்கைத் தாமதிக்காமல் நகத்தால் சுரண்டி எடுங்கள், அந்த இடத்தில் ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும், அல்லது பத்து இருபது கொட்டுக்கு மேல் வாங்கியிருந்தாலும், சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.